சன்னலோரத்தில் பனங்கற்கண்டு நிறம்

மாலை நான்கு மணி வெயிலில் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது என் மகள் கைப்பேசியில் எடுத்த படத்தில், என் கண்கள் வெளிச்சத்தில் பிடித்த பனங்கற்கண்டின் நிறத்தில் இருந்தன. வீட்டுக்குள் டியூப்லைட்டின் கீழ் கண்ணாடியில் பார்த்தால் அவை எப்போதும்போல் ஏறக்குறையக் கறுப்புதான். கேமராவின் வேலை என்றே முதலில் நினைத்தேன். மறுநாள் கைக்கண்ணாடியோடு சன்னலோரம் நின்று பார்த்த பிறகுதான் அதன்மேல் முழுப் பழியையும் போட முடியாது என்று தெரிந்தது.

கருவிழி என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பதன் நடுவிலுள்ள பாவை வெறும் துவாரம். அதைச் சுற்றியுள்ள ஐரிஸுக்குத்தான் நிறம் உண்டு. தோலையும் முடியையும் கறுப்பாக்கும் மெலனினே இதையும் பழுப்பாக்குகிறது, ஆனால் அது எங்கும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. என் கண்ணில் வெளிவிளிம்பு வறுத்த காப்பிக்கொட்டையைப் போலவும், பாவையை ஒட்டிய பகுதி செம்பழுப்பாகவும், இடையில் நூலிழை போன்ற வரிகளோடும் இருக்கிறது. விழும் ஒளியில் பெரும்பகுதியை மெலனின் விழுங்கிவிடுவதால், மங்கிய அறையில் திரும்பி வருவதற்கு அதிகம் மிஞ்சுவதில்லை. சாய்வெயில் பக்கவாட்டில் பாயும்போதோ, மிஞ்சும் சிறு பங்கே அந்த வரிகளையும் செம்மையையும் காட்டப் போதுமானதாகிறது. மாலை ஒளியில் நீலம் குறைந்து செம்மஞ்சள் மிகுந்திருப்பதும் அதற்குத் துணை.

பாவைக்கும் இதில் பங்குண்டு. கடும் வெளிச்சத்தில் சுமார் 2 மில்லிமீட்டராகச் சுருங்கும் அது, இருட்டில் 7 அல்லது 8 மில்லிமீட்டர் வரை விரியக்கூடும். அப்போது ஐரிஸ் குறுகிய வளையமாக ஒடுங்குவதால், கண்ணே கறுத்துவிட்டதுபோல் தோன்றுகிறது.

"பாட்டி கண் நீலமாயிடுச்சு" என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். உண்மையில் பாட்டியின் ஐரிஸ் மாறவில்லை. அதற்கு முன்னால் இருக்கும் கார்னியா என்னும் தெளிந்த படலத்தின் ஓரத்தில் கொழுப்பு படிந்து சாம்பல் நீல வளையமாகத் தெரிந்தது. முதுமையில் இது இயல்பு. நாற்பது வயதுக்குள் தெரிந்தால் இரத்தக் கொழுப்பைப் பரிசோதிப்பது நல்லது. ஐரிஸின் நிறமே மாறுவது அரிது: கண் நீர் அழுத்தத்துக்கு இடும் லாடனோபிராஸ்ட் சொட்டு மருந்து சிலருக்கு அதை நிரந்தரமாகக் கறுக்கச் செய்வதுண்டு. ஒரு கண் மட்டும் நிறம் மாறினால் வெளிச்சத்தைக் காரணம் சொல்லிக்கொண்டிராமல் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

என் கணவரையும் அதே சன்னலோரத்தில் நிறுத்திப் பார்த்தேன். அவருக்கு மெலனின் தாராளம் போலும், வெயிலிலும் நாவற்பழம்தான்.