காந்தம் ஒட்டாத இடங்கள்

குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தம் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வளவுக்குப் போனேன். மாம்பழ வடிவம். அம்மா கதிர்காமம் போய்வந்தபோது வாங்கியது. அப்பாவின் வான் வண்டியில் முன்கதவிலிருந்து தொடங்கி, சாணுக்குச் சாண் அதை வைத்துப் பார்த்தேன். முன்கதவில் டக்கென்று ஒட்டியது. நடுவில் ஒட்டியது. பின்சில்லுக்கு மேலே வளைவில் வைத்ததும் மாம்பழம் வழுகிப் புல்லில் விழுந்தது. திரும்ப வைத்தேன், திரும்ப விழுந்தது. இழுவைக் கதவின் படிக்குக் கீழே இரண்டு முழத்துக்கு எங்கேயும் ஒட்டவில்லை. அங்கே தகரமே இல்லை, ஓட்டை அடைக்கும் புட்டியும் பெயின்டும் மட்டும்தான் நிற்கின்றன என்று அர்த்தம்.

வான் டொயோட்டா ஹையேஸ். நம் ஊரில் எல்லோரும் டொல்பின் என்று சொல்வதுதான். 2002இல் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்து, எங்கள் திருகோணமலைப் பக்கத்து நிலாவெளிக்கு மறுபடியும் வெள்ளைக்காரர் வரத் தொடங்கியபோது அப்பா பின் ஆசனங்களைக் கழற்றினார். பலகையில் ஒரு கட்டில், அதற்கு மேல் ஸ்பொஞ்ச் மெத்தை, பக்கத்தில் ஒற்றை அடுப்பு, ஜன்னலுக்குப் பூப்போட்ட சீலை. கேம்பர் வான் என்ற சொல் அவருக்குத் தெரியாது. ‘படுக்கை வான்’ என்பார். குச்சவெளி, புல்மோட்டை, கீழே அறுகம்பே வரைக்கும் ஓடியிருக்கிறது. சுனாமி வந்த வாரம் கடல்நீர் தேங்கிய பாதைகளில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டும் ஓடியது.

அப்பா 2021இல் போய்விட்டார். அடுத்த வருடம் நாட்டில் டீசலும் இல்லை, பெற்றோலும் இல்லை. வரிசையில் நின்று, பிறகு எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் கோட் எடுத்து, கிடைத்த பெற்றோல் லீற்றர்களை மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றினேனே தவிர வானை நினைக்கவில்லை. மழை படக் கூடாது என்று நீலத் தறப்பாள் ஒன்றால் மூடி, நான்கு மூலையிலும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். அப்பாவுக்குச் செய்யும் மரியாதை மாதிரி இருந்தது. இரண்டு மாரி அப்படியே நின்றது.

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். வருடா வருடம் பிள்ளைகளுக்கு மூன்று சோதனைக்குழாய் வைத்துக் காட்டுவேன். முதலாவதில் ஆணியும் தண்ணீரும் காற்றும். இரண்டாவதில் கொதித்து ஆறிய தண்ணீர், அதன்மேல் எண்ணெய்ப் படை. மூன்றாவதில் ஈரம் உறிஞ்சும் கல்சியம் குளோரைட்டு. ஒரு வாரத்தில் முதலாவது ஆணி மட்டும் சிவந்துபோகும். பாடப்புத்தகத்தில் அது துரு, வீட்டில் கறள். புத்தகச் சொல்லைத்தான் எழுத வேண்டும் என்று கொப்பியில் சிவப்புப் பேனையால் திருத்துகிற நான், காற்றுப் போக வழியில்லாத தறப்பாளுக்குள் ஈரத்தோடு ஒரு வானை அடைத்து வைத்தேன். மண்ணிலிருந்து எழும் ஆவி இரவில் தகரத்தில் வியர்த்து அங்கேயே நிற்கும். வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே முதலாம் சோதனைக்குழாய்தான். எங்கள் வீடு இருக்கும் இடத்தின் பெயரோ உவர்மலை. காற்றிலேயே உப்பு. உப்புப் பட்ட தண்ணீரில் மின்னோட்டம் இலகு, கறள் இன்னும் வேகம்.

புது வான் வாங்கலாமே என்று மச்சான் சொன்னார். 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி அப்போது இன்னும் திறந்திருக்கவில்லை. பழைய வான்களின் விலை கேட்டால் தலை சுற்றும். அதைவிட, அந்தப் பூப்போட்ட சீலை என் கையால் கழற்றிக் கொடுக்க வராது. சரி, திருத்துவோம் என்று முடிவு.

டிங்கர் வேலைக்கு, அதாவது தகரம் வெட்டி ஒட்ட, அனுராதபுரச் சந்திப் பக்கம் ஒரு நானா; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். கிண்ணியாக்காரர். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரைக்கும் தினமும் பாதையில், அதாவது ஆளையும் வாகனத்தையும் ஏற்றும் மிதவைப் படகில், ஏறித்தான் வேலைக்கு வருவாராம். அந்தப் பாதையின் இரும்பில் ஒட்டுப் போட்டுத்தான் வெல்டிங்கே படித்தேன் என்கிறார். கடல் இரும்பைத் தெரிந்த மனுசன். என் மாம்பழத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஸ்குரூட்ரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே வானைச் சுற்றி வந்தார். நல்ல தகரம் ‘டங்’ என்றது. கெட்ட இடம் ‘பொத்’ என்றது. சில்லு வளைவில் பிடியைத் திருப்பி முனையால் ஒரு குத்து. உள்ளே போய்விட்டது.

“தம்பி, இது வெளியால இருந்து வந்த கறள் இல்ல. உள்ளால இருந்து திண்டுகொண்டு வந்திருக்கு. வெளியில தெரியிறது கடைசியாத்தான்.”

“எவ்வளவு வெட்ட வேணும் நானா?”

“வெட்டிப் பாத்தாத்தான் தெரியும். நீங்க நினைக்கிறதப் போல ரெண்டு மடங்கு வைங்க.”

மூன்று மடங்கு வெட்டினோம்.

சில்லு வளைவைத் திறந்தபோதுதான் பழைய கதை வெளியே வந்தது. அப்பா உயிரோடு இருந்தபோது நகரத்தில் ஒரு கராஜில் அந்த இடத்தைத் ‘திருத்தி’ எடுத்தார். பெயர் வேண்டாம். ஓட்டைக்குள் கோழிக்கூட்டுக் கம்பிவலையைத் திணித்து, அதற்குப் பின்னால் பேப்பரைச் சுருட்டி அடைத்து, மேலே விரலளவு தடிப்பில் புட்டி பூசியிருக்கிறார்கள். பேப்பரைப் பிரித்தேன். வார ராசிபலன் பக்கம். மிதுன ராசிக்கு வாகன யோகம் என்று போட்டிருந்தது. அப்பா மிதுனம். நானாவுக்கு வாசித்துக் காட்டினேன். கிரைண்டரை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

புட்டியில் பிழையில்லை. அதன் கீழே கறளை விட்டதுதான் பிழை. புட்டி பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் தண்ணீரை மெல்ல உறிஞ்சும். உறிஞ்சியதைத் தகரத்தோடு ஒட்டி வைத்திருக்கும். நானா எப்போதும் வெறுந்தகரத்துக்கு முதலில் இப்பொக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்து, அதன்மேல்தான் புட்டி வைப்பார். அதுவும் பூச்சாக, அடைப்பாக அல்ல.

படியைத் திறந்ததைத்தான் மறக்க முடியாது. இழுவைக் கதவின் கீழே வானின் நீளத்துக்கு ஒரு பெட்டி ஓடுகிறது. வெளித்தகரம் ஒன்று, உள்தகரம் ஒன்று, நடுவில் வெற்றிடம். உள்ளே வரும் தண்ணீர் வெளியேற அடியில் சிறு துளைகளைக் கொம்பனிக்காரன் விட்டிருக்கிறான். கட்டிங் டிஸ்க் ஓடி முடிந்து தகரத்தை நெம்பியதும் நிலத்தில் மணல் கொட்டியது. ஒரு வாளி நிறைய. வெள்ளை மணல், நடுவில் புல்மோட்டைக் கரைகளில் கிடப்பது போன்ற கருமணல், முருகைக்கல் துண்டு, சிப்பி. கடலில் குளித்துவிட்டு ஈரக்காலோடு ஏறிய அத்தனை பேரின் பாதமும் இருபது வருடமாக அங்கே சேர்ந்திருக்கிறது. மணலுக்குள் ஒரு நாணயம். 10 யூரோ சென்ட், 2002 என்று போட்டிருந்தது. சேர்ட்டில் துடைத்ததும் மஞ்சளாக மின்னியது. அதில் இரும்பு இல்லை, செம்புக் கலவை. சுற்றிலும் தகரம் அப்பளமாக உதிர, அது மட்டும் நேற்று விழுந்தது மாதிரி.

துளைகளையும் பார்த்தேன். மொத்தமாக அடைபட்டிருந்தன. மணலால் மட்டுமல்ல. அடித்தளம் கறள் பிடிக்கக் கூடாது என்று யாரோ தார் மாதிரி அன்டர்சீலைத் தாராளமாக அடித்திருக்கிறார்கள். துளையும் சேர்ந்து மூடிவிட்டது. உள்ளே வந்த தண்ணீருக்கு வெளியேற இடமில்லை. கறளுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அது ஊத ஊத, ஒட்டியிருந்த இரண்டு தகரமும் புத்தகம் போலப் பிரிந்திருந்தன.

பிறகு நானா என்னைக் கீழே படுக்கச் சொல்லி எஞ்சின் பக்கம் டோர்ச் அடித்துக் காட்டினார். அங்கே பல வருடமாக எண்ணெய் ஒழுகுகிறது. சீல் மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்து மாற்றாமல் விட்டது. கறுப்புப் பிசினைத் துணியால் துடைத்தார். கீழே தகரம் புதிதாக இருந்தது. ஜப்பானில் அடித்த பெயின்ட் கூட அப்படியே. என் இரண்டாம் சோதனைக்குழாய். அடைத்துப் பாதுகாத்த இடமெல்லாம் உதிர்ந்துவிட, கவனியாமல் ஒழுகவிட்ட இடம் தப்பியிருக்கிறது. இதை வகுப்பில் எப்படிச் சொல்வது என்று இன்னும் யோசிக்கிறேன்.

இனி வேலை. சனி, ஞாயிறு, பள்ளிக்கூடம் விட்ட பின்னேரங்கள் என்று இரண்டு மாதத்துக்கு மேல் போனது. வெட்டின இடத்துக்கு நெஸ்டமோல்ட் பெட்டி அட்டையில் முதலில் அளவு எடுத்தேன். அட்டை சரியாகப் பொருந்தினால் தகரமும் பொருந்தும் என்பது நானாவின் கணக்கு. அட்டையை 20 கேஜ் தகரத்தில் வைத்துக் கோடு கிழித்து, வெட்டி, மண்மூட்டையில் வைத்துத் தட்டி வளைத்தார். வெல்டிங்கை ஒரே இழுப்பாக இழுப்பார் என்று நினைத்தேன். இல்லை. ஒரு முனையில் ஒரு பொட்டு, மறு முனையில் ஒரு பொட்டு, நடுவில் ஒன்று, பிறகு ஒரு பிளேன்டீ. சூடு ஆறிய பிறகு இன்னும் நாலு பொட்டு. மெல்லிய தகரத்தில் அவசரப்பட்டால் சூட்டில் நெளிந்து அப்பம் மாதிரி ஆகிவிடும். அந்த அலையைப் பிறகு மறைக்கக் கிலோக்கணக்கில் புட்டி வேண்டும். தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருவோம்.

வெல்டிங்குக்கு முன்னால் பெற்றரி வயரைக் கழற்றினோம், மெத்தையை, சீலையை, பலகையை இறக்கினோம். எல்லாம் எடுத்தாயிற்று என்று சொன்னது நான்தான். பின்தூணுக்குள் சத்தம் வராமல் இருக்க அப்பா ஸ்பொஞ்ச் அடைத்திருந்தது நினைவில்லை. மூன்றாவது பொட்டில் தூணின் துளையிலிருந்து கறுப்புப் புகை. நானா ஒன்றும் பேசாமல் ஈரச்சாக்கை எடுத்துத் துளையில் அழுத்தினார். அவருக்கு உதவியாக நின்ற பையன் மேலே இருந்த துளையால் தண்ணீர் ஊற்றினான். இரண்டு நிமிடம். அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் அவர் கையை விட்டுப் பார்த்துத்தான் நம்பினார். நியாயம்.

வெட்டத் தேவையில்லாத, மேலோட்டமான கறளை வயர்பிரஷால் தேய்த்துப் பொஸ்போரிக் அமிலம் பூசினேன். சிவப்பு மெல்லக் கருஞ்சாம்பலாக மாறும். இரும்பு பொஸ்பேற்று. இந்த ஒரு வேலைதான் முழுக்க என் கையால் நடந்தது, அதனால் கொஞ்சம் பெருமை. ஆனால் உதிரும் கறளின் மேல் அமிலம் பூசி ஒரு பயனும் இல்லை, மேல்தோல்தான் மாறும். கடையில் போத்தலை விற்றவர் எல்லாக் கறளையும் மாற்றும் என்று சொன்னார். நம்பாதீர்கள்.

பெயின்ட் அடித்தது ஆடியில், கோட்டைப் பக்கம் பெரியம்மா வீட்டு வளவில். மதியத்துக்குப் பிறகு கச்சான் காற்று மண்ணை அள்ளிவரும் என்பதால் விடியக் காலையிலேயே நிலத்தை நனைத்துவிட்டு அடிப்பது திட்டம். முதல் நாள் இரவே கண்ணாடிகளுக்குப் பேப்பர் ஒட்டி வைத்தோம். காலையில் வந்து பார்த்தால் ஒரு பக்கப் பேப்பரைக் காணவில்லை. நாலு மான்கள் நின்றன. ஒன்றின் வாயில் மாஸ்கிங் டேப் தொங்கியது. இந்த ஊர் மானுக்குப் பேப்பர் என்றால் கற்கண்டு. மறுபடி ஒட்டி, பெரியம்மா தும்புத்தடியோடு காவலுக்கு நிற்க, அடித்து முடித்தோம். இழுவைக் கதவில் ஒரு வேப்பம்பூ ஒட்டிக் காய்ந்திருக்கிறது. எடுக்கவில்லை.

பெட்டிக்குள் கடைசியாக என்ன போடுவது என்று கேட்டேன். மெழுகு வருகிறது, விலை கூட. நானா கழித்த எஞ்சின் எண்ணெயைக் காட்டினார். துளை வழியாகக் குழாய் விட்டு உள்ளே விசிறினோம். அடித்தளத்துக்கு அன்டர்சீல் போடும்போது ஒவ்வொரு துளையிலும் நானே ஈர்க்குச் செருகி வைத்தேன், காய்ந்ததும் உருவினேன். ஒரு பக்கத்துக்கு ஒன்பது துளை.

இப்போது வீட்டில் சண்டை வேறு. எண்ணெய் சொட்டுச் சொட்டாக அம்மாவின் சீமெந்துத் தரையில் விழுகிறது. “லட்சக்கணக்கில செலவழிச்சும் ஒழுகுதே” என்கிறாள். ஒழுகத்தான் வேணும் அம்மா என்றால் விளங்குவதாயில்லை. சொட்டுகளுக்குக் கீழே சிரட்டை வைத்திருக்கிறாள், வரிசையாக. தறப்பாளைக் கோழிக்கூட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

போன கிழமை மாரியின் முதல் பெருமழை. விட்டதும் சாக்கைப் போட்டு வானுக்குக் கீழே படுத்து டோர்ச் அடித்து எண்ணினேன். இடப்பக்கம் ஒன்பதிலும் தண்ணீர் சொட்டியது. வலப்பக்கம் எட்டு. ஒன்பதாவதை ஈர்க்கால் குத்தினேன். கண்ணில் மணல் கொட்டியது.