எந்தக் கணக்கில் பூசை

“பூசைக்குக் குடுக்கணும் மக்களே. ஆத்துமாவுக்குன்னு எழுதவா, சுகமா திரும்பி வரணும்னு எழுதவா?”

கத்தோலிக்கரான அந்த அம்மா கேட்டது என்னிடம். 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு குமரி மாவட்டத்தில் தூத்தூர், சின்னத்துறை பக்கம் கடலில் காணாமல்போன மீனவர்களின் வீடுகளுக்குப் போய் அரசு நிவாரணத்துக்கான விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. மகன் இறந்ததாகக் கருதச் சம்மதித்து அவர் கையெழுத்துப் போட வேண்டும். பலமுறை போயும் அந்த இடம் காலியாகவே இருந்தது.

“பேரை மட்டும் சொல்லி பூசை வைங்கம்மா. மத்தது ஆண்டவருக்குத் தெரியும்” என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். ஜெபமாலையை மடியில் வைத்துவிட்டுப் பேனாவை வாங்கினார்.

ஆறுதலுக்காகச் சொன்னேனா, கையெழுத்துக்காகச் சொன்னேனா?

அந்த வீட்டுக்குப் பணம் அவசியம். படகுக் கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது. மருமகளும் பிள்ளைகளும் அவர் கையெழுத்தை எதிர்பார்த்து இருந்தார்கள். சாதாரணமாக ஏழு வருஷம் தகவல் இல்லாவிட்டால்தான் ஒருவரை இறந்தவராகச் சட்டம் கருதும். அவ்வளவு காலம் காத்திருக்கவிடாமல் 20 லட்சம் ரூபாய் நிவாரணம் கிடைக்க வழி பிறந்திருந்தது. அதைத் தள்ளிப்போடச் சொல்ல எனக்கு என்ன உரிமை? இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் அவர் நம்பிக்கை வெறும் பிடிவாதம் இல்லை. 2017 டிசம்பரில் நம் ஆட்கள் லட்சத்தீவிலும் மகாராஷ்டிராவிலும் குஜராத்திலும் கரையேறினார்கள். செத்தான் என்று அழுத வீட்டுக்குப் போன் வந்தது. கேரளத்தில் கிடைத்த உடல்களோடு டி.என்.ஏ. ஒத்துப்பார்த்தபோது இவருடைய ரத்தம் எதனோடும் பொருந்தவில்லை. நாங்கள் அதைக் குரலைத் தாழ்த்திச் சொன்னோம். அவர் “மாதாவே ஸ்தோத்திரம்” என்றார். விண்ணப்பத்துக்கு அவர் தந்த படமும் அப்படித்தான். பெரிய சூரை மீனைத் தூக்கிப் பிடித்து நிற்கும் கூட்டத்திலிருந்து மகனை மட்டும் வெட்டியெடுத்தது. யாரோ ஒருவரின் கை இன்னும் அவன் தோளில் இருந்தது. நல்ல படம் எடுத்துத் தரலாமே என்றதற்கு, “வந்த பெறவு எடுக்கலாம்” என்றார்.

நான் சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்தவள். இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. அப்படியிருக்க அந்தப் பதில் எங்கிருந்து வந்தது? வேதாகமத்தில் இறந்துபோன லாசருவின் சகோதரி மார்த்தாளைப் பலமுறை நினைத்திருக்கிறேன். கடைசி நாளில் சகோதரன் எழுந்திருப்பான் என்று அவள் விசுவாசிக்கிறாள். இப்போதும் நீர் கேட்டால் தேவன் தருவார் என்றும் அதே வாயால் சொல்கிறாள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று இயேசு அவளிடம் கேட்கவில்லை. அந்த அம்மாவிடம் கேட்டது எங்கள் படிவம்தான். அப்படிப் பார்த்தால் நான் சொன்னது சரி என்று மனசு தேறும். மறுநாளே, அவர் பேனாவைப் பிடித்த விதம் நினைவுக்கு வந்து தேறியது கலைந்துபோகும்.

உடன் வேலைபார்த்த அண்ணன் ஒருவர், “உன் பேச்சுக்காக அவங்க கையெழுத்துப் போடல. பேரப்பிள்ளைகளுக்காகப் போட்டாங்க” என்றார். இருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இப்போது யாராவது அப்படிக் கேட்டால் பங்குச் சாமியாரிடம் கேளுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். விதிப்படி அதுதான் முறை. ஆனால் அப்படிச் சொல்லும்போது அவர்கள் முகம் சுருங்குகிறது. அந்த அம்மாவின் முகம் அன்று சுருங்கவில்லை.