காலியாகிப் போன டிடபிள்யூஜி ஃபைலும், பிடிஎஃப்பில் இருந்து எடுத்த டிராயிங்கும்

இரண்டு டிராயிங்கையும் சேவ் பண்ணி முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. ஆபீஸ் யுபிஎஸ் பேட்டரி செத்துப்போய் ரொம்ப நாளாகிறது, அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் வேறு பதிவாகிவிடும். கரண்ட் வந்து, வரைபடம் போடும் சாஃப்ட்வேரான ஆட்டோகேடைத் திறந்தால் இரண்டு டிடபிள்யூஜி ஃபைலுமே (ஆட்டோகேட் டிராயிங்கைச் சேமிக்கும் ஃபைல்) திறக்க மறுக்கின்றன. பொள்ளாச்சி ரோட்டில் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தின் காலம் லேஅவுட் (தூண்கள் எங்கே வரும் என்ற வரைபடம்) ஒன்று, பீம் டீடெயில் (உத்தரங்களின் விவரம்) இன்னொன்று.

பக்கத்து சீட் தம்பி உடனே, "அண்ணா, ரெக்கவர் கமாண்ட் அடிங்க" என்றான். கெட்டுப்போன ஃபைலைச் சரிசெய்து திறக்கப் பார்க்கும் கமாண்ட் அது. ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: ஃபைலை ஒரு காப்பி எடுத்து, அந்தக் காப்பியை நோட்பேடில் திறந்து பார்ப்பது. நல்ல டிடபிள்யூஜி ஃபைலின் முதல் ஆறு எழுத்து அது எந்த ஃபார்மட் என்று சொல்லிவிடும். 2010 ஃபார்மட் என்றால் ஏசி1024, 2013 என்றால் ஏசி1027, 2018 என்றால் ஏசி1032. பீம் ஃபைலில் ஏசி1032 இருந்தது. காலம் லேஅவுட்டில் தலைமுதல் கால்வரை ஒன்றுமே இல்லை, வெறும் வெற்றிடம். சைஸ் மட்டும் பழைய மாதிரியே 4 எம்பி காட்டியது, அதுதான் ஆளை ஏமாற்றுகிறது. ஃபைலின் பெயரும் சைஸும் டிஸ்க்கில் பதிவாகிவிட்டது, உள்ளே எழுத வேண்டியது இன்னும் மெமரியிலேயே இருக்கும்போது கரண்ட் போய்விட்டது, அதனால் படிக்கப் போனால் பூஜ்ஜியமாக வருகிறது. இப்படிப்பட்ட ஃபைலில் ரெக்கவர், பிழை தேடித் திருத்தும் ஆடிட், காசு கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேர் எதுவும் வேலைக்கு ஆகாது, ஏனென்றால் மீட்க உள்ளே ஒன்றும் இல்லை.

பீம் ஃபைலை அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரெக்கவர் ஓடி நிறைய எரர் காட்டி, கடைசியில் ஆட்டோகேடே மூடிக்கொண்டது. புது டிராயிங்கில் இன்சர்ட் பண்ணிப் பார்த்தேன், அதுவும் இல்லை. அப்புறம் ஓடிஏ ஃபைல் கன்வெர்ட்டர் என்ற இலவச சாஃப்ட்வேரில் ஆடிட்டை டிக் பண்ணி 2010 டிஎக்ஸ்எஃப் (டிராயிங்கைப் பரிமாறிக்கொள்ளும் இன்னொரு ஃபார்மட்) ஆக மாற்றியதும் திறந்துவிட்டது. ஒரு செக்‌ஷன் பக்கம் ஜூம் பண்ணினால் மட்டும் திணறியது. அதை விட்டுவிட்டு மற்றதை, தேர்ந்தெடுத்ததை மட்டும் தனி ஃபைலாக எழுதும் டபிள்யூபிளாக் கமாண்ட் போட்டுப் புது ஃபைலாக எடுத்துக்கொண்டேன்.

காலம் லேஅவுட்டுக்கு வருவோம். சேவ் பண்ணும்போது முந்தைய பதிப்பைத் தானாக எடுத்து வைக்கும் பேக் ஃபைல் இருந்தால் எக்ஸ்டென்ஷனை மாற்றி ஐந்து நிமிஷத்தில் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் பெரிய டிராயிங் சீக்கிரம் சேவ் ஆகட்டும் என்று யாரோ எப்போதோ அந்த பேக் ஃபைல் எடுப்பதா வேண்டாமா என்று சொல்லும் ஐசேவ்பேக் செட்டிங்கை 0 ஆக்கி வைத்திருக்கிறார்கள். சரி, ஆட்டோசேவ் இருக்குமே என்று டெம்ப் ஃபோல்டரில் எஸ்வி$ ஃபைலைத் தேடினால் அதுவும் இல்லை. இங்கேதான் பலருக்குத் தெரியாத விஷயம்: ஆட்டோசேவ் எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை என்று சொல்லும் சேவ்டைம் வழக்கமாக 10 நிமிஷம், ஆனால் நாம் கையால் சேவ் பண்ணும் ஒவ்வொரு முறையும் அந்தக் கணக்கு மறுபடி முதலில் இருந்து தொடங்கும். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை கண்ட்ரோல் எஸ் தட்டுகிறவனுக்கு ஆட்டோசேவ் நடக்கவே நடக்காது!

மெயிலில் கன்சல்டன்ட்டுக்கு அனுப்பிய ஜிப் ஒன்று கிடைத்தது, ஆனால் அதற்கப்புறம் கிரிட்டே (தூண்களை வரிசைப்படுத்தும் கோடுகளே) மாறியிருந்தது. காலையில் வரைபடம் வராது என்று சைட் சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். அவர் ரொம்ப நிதானமாக, "ஏனுங்க, மத்தியானம் வாட்ஸப்புல அனுப்புன பிடிஎஃப் எங்கிட்ட இருக்குதுங்களே, அது ஆகாதுங்களா?" என்றார்.

ஆகும். ஸ்கேன் பண்ணின பிடிஎஃப் என்றால் ஆகாது, ஆட்டோகேடில் இருந்து நேராகப் பிளாட் போட்டது என்றால் உள்ளே கோடு கோடாகவே இருக்கும். 2017 வெர்ஷனில் இருந்து பிடிஎஃப்இம்போர்ட் கமாண்ட் இருக்கிறது. 1:100க்குப் போட்ட ஷீட் என்பதால் ஸ்கேல் 100 கொடுத்தேன், லேயர் பெயர்கள்கூட அப்படியே வந்துவிட்டன. பார்த்தவுடன் குதிக்கத் தோன்றும், குதிக்காதீர்கள். டைமென்ஷன் (அளவுக் குறிப்பு) எல்லாம் உடைந்து வெறும் கோடும் எழுத்துமாக வரும், பிளாக் (ஒரே பொருளாகச் சேர்த்து வைத்த வரைபடத் துண்டு) இருக்காது, ஆட்டோகேடின் சொந்த எஸ்எச்எக்ஸ் ஃபான்ட்டில் எழுதியது கோடாக வரும். அந்த எழுத்தைப் பிடிஎஃப்எஸ்எச்எக்ஸ்டெக்ஸ்ட் கமாண்டில் பெரும்பாலும் மாற்றிவிடலாம், 5ஐயும் எஸ் எழுத்தையும் மட்டும் கண்ணால் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

பெரிய ஆபத்து அளவில் இருக்கிறது. 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) போட்ட பிடிஎஃப்பில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடைவெளி சுமார் 0.04 மிமீ. 1:100 ஸ்கேலில் அது 4 மிமீ ஆகிவிடும். அதாவது 230 மிமீ காலம் 232 ஆகவோ 228 ஆகவோ வரலாம், 4500 கிரிட் 4498 என்று காட்டும், மூலைகள் ஒட்டாது. இதன்மேல் அப்படியே டைமென்ஷன் போட்டால் சென்ட்ரிங் (கான்கிரீட் கொட்டப் பலகை அடிப்பது) போடுகிறவர் நம்மைத் திட்டுவார். அதனால் பிடிஎஃப்பில் இருந்து வந்ததைத் தனி லேயரில் லாக் பண்ணிவிட்டு, எழுத்தில் இருக்கும் டைமென்ஷனைப் படித்து கிரிட்டை முழு எண்ணில் புதிதாகப் போட்டேன். காலம் பிளாக்குகளைப் பழைய ஜிப்பில் இருந்து எடுத்துப் புது கிரிட்டில் வைத்து, அடியில் இருக்கும் கோட்டோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். கம்பி அட்டவணை எக்ஸெலில் தனியாக இருந்ததால் அதைத் திரும்ப அடிக்கவில்லை, ஒட்டினேன். ராத்திரி ரொம்ப நேரம் ஆனது, ஆனால் புதிதாக வரைவதில் பாதி வேலைகூட இல்லை.

இப்போது எல்லா சிஸ்டத்திலும் ஐசேவ்பேக் 1. பேக் ஃபைல் ஃபோல்டரை அடைக்கிறது என்று முனகுகிறவர்களுக்காக எக்ஸ்பிரஸ் டூல்ஸில் இருக்கும் மூவ்பேக் கமாண்டைக் காட்டிக் கொடுத்திருக்கிறேன், எல்லாவற்றையும் நாம் சொல்லும் ஒரே இடத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறது. அந்த இடத்தை வேறொரு ஹார்ட் டிஸ்க்காக வைத்துக்கொண்டால் இன்னும் உத்தமம்.