சாரல் காலத்து ஃபில்டர் குறிப்புகள்

ஆனி 20, திருநெல்வேலி
நெல்லையப்பர் ஆனித் திருவிழா, இரவு வீதியுலா. ரத வீதி முழுக்க கலர் பல்புகள். கேமரா லென்ஸுக்கு முன்னால் மாட்டியிருந்த யுவி (புற ஊதா) ஃபில்டரைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுத்தான் எடுத்தேன். முன்னால் ஒரு கண்ணாடி கூடுதலாக இருந்தால் ஒவ்வொரு விளக்குக்கும் எதிர்ப்பக்கம் ஒரு போலிப் புள்ளி விழ வாய்ப்பு அதிகம். கழற்றியதால் நஷ்டமில்லை; புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அடுக்கு டிஜிட்டல் சென்சாருக்கு முன்னாலேயே இருக்கிறது.

ஆனி 25, குற்றாலம்
ஐந்தருவியில் நல்ல சாரல். "மேகம் மூடிக் கிடக்கு, சிபிஎல் எதுக்கு அண்ணாச்சி?" என்றான் கூட வந்த தம்பி. சிபிஎல் என்பது பிரதிபலிப்பை வெட்டுகிற, வளையத்தைத் திருப்பிச் சரிசெய்கிற போலரைசர் ஃபில்டர். நீல வானத்துக்கு மட்டும்தான் அது என்று பலரும் நினைக்கிறார்கள். ஈரம் இருக்கிற இடமெல்லாம் அதற்கு வேலை உண்டு. வளையத்தை மெல்லத் திருப்பத் திருப்ப, பாறைமேல் இருந்த வெள்ளைப் பளபளப்பு விலகி, கருப்பும் பாசிப்பச்சையும் தெளிந்து வந்தன. இலைகளும் அப்படியே. அந்தப் பளபளப்பைப் பிறகு கம்ப்யூட்டரில் எடுக்க முடியாது. அடியில் இருக்கும் நிறம் பதிவாகியே இருக்காது. ஒரு ஃபில்டருக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

சிபிஎல் போட்டால் வெளிச்சமும் இரண்டு ஸ்டாப் வரை குறையும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது). ஐஎஸ்ஓ 100, எஃப் 11இல் ஷட்டர் 1/15 விநாடி வந்தது 1/4 ஆயிற்று. தம்பி என்டி 1000 (வெளிச்சத்தை நிறம் மாறாமல் குறைக்கிற கருங்கண்ணாடி) போடச் சொன்னான். வேண்டாம்டே என்றேன். பல விநாடி திறந்து வைத்தால் தாரைகள் கலைந்து வெறும் வெள்ளைத் துணியாகிவிடும். விழுகிற வேகம் தெரியாவிட்டால் அது ஐந்தருவியே இல்லை.

ஆடி 2, பாபநாசம்
படித்துறையில் பொரி போட்டதும் மீன்கள் மொய்த்தன. நீர்மட்டத்துக்குச் சுமார் 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போது சிபிஎல் பிரதிபலிப்பை நன்றாக வெட்டும், செதில்கூடத் தெரிந்தது. நேர் மேலிருந்து எடுத்தால் பலன் இல்லை.

உச்சி வெயிலில் ஆற்றோட்டத்துக்கு என்டி. என்டி 8 என்றால் மூன்று ஸ்டாப் குறையும், 64 ஆறு, 1000 பத்து. ஃபில்டர் இல்லாமல் 1/250 விநாடி என்றால், 1000 போட்டால் நான்கு விநாடி. வ்யூஃபைண்டர் இருட்டிவிடும் என்பதால் முதலில் ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிட்டு, பிறகே ஃபில்டரைத் திருக வேண்டும்.

ஆடி 6, உவரி
காற்றில் மணலும் உப்புத் தூறலும். யுவி ஃபில்டர் இங்கே லென்ஸைக் காக்கிற கண்ணாடி. உப்புப் படிந்தால் உலர்ந்த துணியால் தேய்க்கக் கூடாது, கீறிவிடும். ஈரத்துணியால் ஒற்றி எடுக்கணும்.

விடியலில் வானம் வெளுத்தும் வள்ளங்கள் கருத்தும் கிடந்தன. கடலின் விளிம்பு நேர்கோடு என்பதால் மேல்பாதி மட்டும் கருத்த, எல்லை கூர்மையான கிராஜுவேட்டட் என்டி சரியாகப் பொருந்தியது. பொதிகை மலைப் பக்கம் இதையே வைத்தால் சிகரங்களும் சேர்ந்து இருண்டுவிடும்; அங்கே எல்லை மெல்ல மங்குகிற வகைதான் சரி.