அறுநூறு தலை

செப்டம்பர் 3, புதன்
இன்னும் அழைப்பு வரவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்
நூலகப் பேச்சுக்கு 40 நிமிடம்தான். கணிதர் எஸ். ஆர். எஸ். வரதனை எங்கிருந்து தொடங்குவது? பிறப்பு 1940 ஜனவரி 2, சென்னை. மாநிலக் கல்லூரி. கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகம், வழிகாட்டி சி. ஆர். ராவ், 1963-இல் முனைவர் பட்டம். அதே ஆண்டு நியூயார்க்கில் கூரன்ட் கணித நிலையம். 2007-இல் கணிதத்தின் பெரும்பரிசான ஏபெல் பரிசு. அடுக்கிப் பார்த்தால் வேலை விண்ணப்பம் மாதிரி இருக்கிறது. ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் புள்ளியியல் படிக்கலாம் என்று போனவர், நிகழ்தகவுக்குள் விழுந்தார் என்பதை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 6, சனி
பூவா தலையாவில்தான் தொடங்க வேண்டும். 1000 தடவை சுண்டினால் 500 தலை எதிர்பார்ப்போம். 600-ஓ அதற்கு மேலோ விழ என்ன வாய்ப்பு?

0.6-ஐ (0.6/0.5)-இன் மடக்கையால் பெருக்கு, 0.4-ஐ (0.4/0.5)-இன் மடக்கையால் பெருக்கு, இரண்டையும் கூட்டு. இயல் மடக்கையாக இருக்கவேண்டும், கால்குலேட்டரில் வேறு பொத்தானை அழுத்தினால் எல்லாம் கெடும். வருவது 0.020136. இதுதான் ஒரு சுண்டலுக்கான 'செலவு'. 1000 சுண்டலுக்கு 20.136. கழித்தல் குறி போட்டு மடக்கையைத் திருப்பினால் (e-க்கு அடுக்காக்கினால்) 1000 கோடியில் 18.

உண்மை விடை 1000 கோடியில் 1.36. பதின்மூன்று மடங்கு பிசகு! யாராவது கேட்பார்கள். பெரும் விலகல் கோட்பாடு, அதாவது சராசரியிலிருந்து வெகுதூரம் விலகும் அரிய நிகழ்வுகளின் கணக்கு, பிடிப்பது அடுக்கை. முன்னால் நிற்கும் பெருக்கெண்ணை அது கண்டுகொள்வதில்லை. சுண்டல் கூடக்கூட அடுக்குதான் ஆளும்.

ஸ்வீடன் கணிதர் க்ரமேர் 1938-இல் இதைக் கூட்டுத்தொகைகளுக்குச் செய்தார். 1966-இல் வரதன் பொதுச் சட்டகம் கட்டினார்.

செப்டம்பர் 7, ஞாயிறு
தொலைபேசி இரண்டு தடவை. இரண்டும் தவறான எண்.

செப்டம்பர் 8, திங்கள்
திரையில் சும்மா சுண்டிக் காட்டலாம் என்றால் நடக்காது. 600 ஒரு முறை விழவே சராசரியாக 730 கோடி ஓட்டம் வேண்டும் (ஓர் ஓட்டம் என்றால் 1000 சுண்டல்).

நாணயத்தைச் சாய்த்துவிடுவதுதான் வழி. தலைக்கு 0.6 கொடுத்தால் பாதி ஓட்டங்களில் 600 தாண்டும். கள்ள நாணயம் ஆயிற்றே, ஒவ்வோர் ஓட்டத்துக்கும் எடை போடவேண்டும்: ஒரு தலைக்கு 0.5/0.6, ஒரு பூவுக்கு 0.5/0.4, எல்லாவற்றையும் பெருக்கு. 600-ஐத் தொட்ட ஓட்டங்களின் எடையைக் கூட்டி மொத்த ஓட்டங்களால் வகு. தொட்ட ஓட்டங்களால் மட்டும் வகுத்தால் விடை இரு மடங்காகும் (நேற்றிரவு முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்).

0.8-க்குச் சாய்த்தால் இன்னும் வேகமா? இல்லை. எல்லா ஓட்டமும் 800 பக்கம் போய்விடும். கணக்கில் முக்கியமான 600-இன் அக்கம்பக்கத்தை எட்டியே பார்க்காது.

எடைப் பின்னங்களின் மேல் எண்களையும் கீழ் எண்களையும் தனித்தனியாகப் பெருக்கக்கூடாது. 0.5-ஐ 1100 தடவை பெருக்கினால் கணினிக்குச் சுழி. 1200 சுண்டலில் கீழேயும் சுழி, சுழியைச் சுழியால் வகுக்கச் சொல்கிறோம். மடக்கையில் கூட்டிக் கடைசியில் திருப்பவும்.

600 விழுந்தது என்றால் எப்படி விழுந்திருக்கும்? வரிசையாக நூறு தலை எங்கேயோ கொட்டியிருக்காது. ஆரம்பத்திலிருந்தே 0.6 நாணயம் போல நடந்திருக்கும். அரியது நடந்தாலும் செலவு குறைந்த வழியில்தான் நடக்கும்.

செப்டம்பர் 9, செவ்வாய்
வாய்ப்பு பத்தில் ஒன்று என்கிறார்கள். எந்தப் பத்து?

செப்டம்பர் 10, புதன்
சிங்கப்பூர் தேக்காவில் 4டி (நான்கு இலக்க லாட்டரி) வரிசை நீளம். 10,000 எண்களில் 23 பரிசு எண்கள். 23-க்குள் ஜோடிகள் 253. தடுப்பு எதுவும் இல்லையென்றால், ஒரே குலுக்கலில் ஓர் எண் இரு முறை வர ஏறக்குறைய 2.5 விழுக்காடு.

அதே 23, பிறந்தநாள் கணக்கிலும்: 23 பேரில் இருவருக்காவது ஒரே பிறந்தநாள் அமைய என்ன வாய்ப்பு? 253-ஐ 365-ஆல் வகுத்தால் 0.69315. இரண்டின் இயல் மடக்கையும் 0.69315! அதனால் பாய்சான் தோராயம் (அரியவை எத்தனை நடக்கும் என்பதற்கான குறுக்குவழிக் கணக்கு) சரியாகப் பாதி என்கிறது, உண்மை 0.507. இந்த இடைவெளிக்கு எல்லை கட்டுவது சென்-ஸ்டைன் முறை, 1975. அந்தச் சென் நம்மூர் லூயிஸ் சென், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகக் கணித அறிவியல் கழகத்தின் முதல் இயக்குநர். பேச்சில் இவரை விட்டால் தப்பு.

செப்டம்பர் 11, வியாழன்
2001-இல் இதே நாள், வரதனின் மூத்த மகன் உலக வர்த்தக மையத்தில் இறந்தார். பேச்சில் இது வராது. 'அரிய நிகழ்வு' என்ற சொல்லை அதன் பக்கத்தில் எழுதக் கை வரவில்லை.

செப்டம்பர் 13, சனி
மணி வளைவே (இயல்நிலைப் பரவல்) போதாதா என்பார்கள். 600-க்குப் போதும்: அதன் அடுக்கு 20, உண்மை 20.136. 900 தலைக்குப் போய்ப் பார்க்கட்டும். வளைவு சொல்வது 320, உண்மை 368. நாற்பத்தெட்டு தள்ளிப்போனால் வாய்ப்பில் பிசகு பத்தின் இருபதாம் அடுக்கைத் தாண்டும். நடுவில் யோக்கியம், ஓரத்தில் புளுகு. க்ரமேர் காப்பீட்டுக் கணக்குப் பார்த்தவர். ஓரம்தான் அவருக்குச் சோறு.

எந்தப் பத்து என்று இன்றும் கேட்கவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்
சாய்வு 0.6, ஓட்டம் 10,000. விதை எண்ணை (கணினியின் தற்செயல் எண்கள் தொடங்கும் எண்) குறித்துக்கொள்ளாவிட்டால் இதே ஓட்டம் திரும்ப வராது. 1000 கோடியில், விதை 9: 1.38. விதை 10: 1.34. விதை 11 ஓடிக்கொண்டிருக்கிறது.