மண்சரிவுப் பாடத்தைச் சரிவில் நின்று படியுங்கள்

எம்.எஸ்சி. ஜியாலஜி முதல் செமஸ்டரில் மண்சரிவு பற்றிய கேள்விக்குக் கனமழை, காடழிப்பு, கட்டுமானம் என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். பதினைந்துக்கு ஆறு மதிப்பெண். "மழை பெய்தால் மண் ஏன் நகர வேண்டும்?" என்று ஓரத்தில் சிவப்பு மையில் கேட்டிருந்தார் ஆசிரியர். எனக்குப் பதில் தெரியவில்லை.

களப்பயணத்தில், குன்னூர்ப் பக்கம் சாலைக்காக வெட்டிய ஒரு சரிவில்தான் அது புரிந்தது. மேலே செம்மண், அதன்கீழ் வெளிறிய களிமண், அடியில் சார்னோக்கைட் பாறை. களிமண்ணைக் கொஞ்சம் கிள்ளி, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலிடையே தேய்த்தேன். சோப்பு மாதிரி வழுக்கியது. மேலிருந்து இறங்கும் மழைநீரைக் கெட்டிப் பாறை லேசில் உள்ளே விடாது. நீர் அங்கேயே தேங்க, மண் துகள்களுக்கிடையே அழுத்தம் ஏறும், அவற்றின் பிடி தளரும். பக்கத்துத் தடுப்புச் சுவரில் நீர் வடிய வைத்திருந்த துளைகளில் பாதியை மண்ணும் வேரும் அடைத்திருந்தன. சுவருக்குப் பின்னால் எவ்வளவு நீர் நிற்கும் என்று நினைத்ததும் பயமாக இருந்தது.

இந்த இயக்கம் பிடிபட்டால் முன்னேற்பாட்டைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். வடிகால் ஏன் முக்கியம், சரிவின் அடிவாரத்தை ஏன் வெட்டக்கூடாது, ஒருநாள் மழையோடு முந்தைய நாட்களின் மழையையும் ஏன் கூட்டிப் பார்க்கிறார்கள் எல்லாம் தானாக வரும். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 820 மி.மீ. பெய்ததை எழுதும்போதும், அந்த நீர் மண்ணுக்குள் என்ன செய்யும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

வரைபடம் படிக்கக் கட்டாயம் பழகுங்கள். இந்திய நிலவியல் ஆய்வு மையத்தின் 'புகோஷ்' தளத்தில் மண்சரிவு அபாய வரைபடங்கள் இருக்கின்றன. உங்கள் தாலுகாவிலிருந்து தொடங்குங்கள். ஆனால் சரிவு தொடங்கும் இடத்தை மட்டும் பார்த்து நிறுத்தினால் தவறு. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் புஞ்சிரிமட்டத்துக்கு மேலே பெயர்ந்த மண்ணும் பாறையும் ஆற்றோடு இறங்கி முண்டக்கை, சூரல்மலை வரை அழித்தன. கீழே சமதளத்தில் வீடு கட்டியவர்களும் அந்தப் பாதையில்தான் இருந்தார்கள். ஓடையின் பாதையைப் பென்சிலால் கீழ்வரை தொடர்ந்து போங்கள்.

மலையூர்க்காரர்கள், மழை விட்ட மறுநாள் தெருவுக்கு மேலிருக்கும் சுவரைப் போய்ப் பாருங்கள். துளைகளில் நீர் வடிகிறதா, புது விரிசல் உண்டா என்று குறித்து வையுங்கள். சுவர் வயிறு தள்ளியிருந்தால் உடனே மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குச் சொல்லிவிடுங்கள், படிப்பைப் பிறகு பார்க்கலாம்.