மூன்றாவது விசில்

மார்ச் 2, 2025, ஞாயிறு

கோபியிலிருந்து ஒறம்பரை (உறவுக்காரர்கள்) வந்திருந்ததால் காலையில் சந்தகை, எங்கள் பக்கத்து இடியாப்பம். வெந்த மாவு ஆறிவிட்டால் பிழிய வராது என்பதால், அம்மா முழு பலத்தோடு அமுக்க, நான் கீழே தட்டைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். அந்த நேரத்தில் பருப்பு வைத்த குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. கூடத்தில் அமர்ந்திருந்த அப்பா, "மூணாச்சு பாரு!" என்று குரல் கொடுத்தார், எழவில்லை. எண்ணிச் சொன்னதையே அவர் உதவியாக மனமார நம்புகிறார். மாலையில் அம்மா தோளில் தைலம் தேய்ப்பதைக் கண்டு, "சொல்லியிருந்தா நானே அமுக்கியிருப்பனே" என்றார்.

மார்ச் 4, செவ்வாய்

அப்பாவின் அந்த வசனம் எங்கள் ஊர் பெருந்துறைக்கு மட்டும் சொந்தமானதன்று. பிரான்சில் எம்மா என்ற பெயரில் வரையும் ஓவியர் 2017இல் வெளியிட்ட படக்கதையில், அடுப்பில் இருந்தது பொங்கித் தரையெல்லாம் வழிந்த பிறகு, துணைவர் "கேட்டிருக்கலாமே" என்கிறார். எதை, எப்போது, யாரிடம் சொல்ல வேண்டும் என்று நினைவில் வைத்திருப்பதே ஒரு வேலை என்பதுதான் எம்மாவின் கட்சி. நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள், ஆண்களுக்கு 97. விசில் எண்ணியதை எந்தக் கணக்கில் சேர்த்தார்களோ!

இரவு நான்கு கட்டம் போட்டு வரைய உட்கார்ந்தேன். அம்மாவுக்குப் பத்துக் கை வைக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் தெய்வமாக்கிவிட்டால் எல்லா வேலையையும் அவளே செய்வது நியாயமாகிவிடும் என்பதால் அழித்துவிட்டு, இரண்டே கைகளை, மாவு ஒட்டிய விரல்களோடு வரைந்தேன்.

மார்ச் 8, சனி

பனியன் கம்பெனியில் மகளிர் தின விழா. ஆளுக்கொரு ரோஜாப்பூ கொடுத்தார்கள். கோலம் போட்டது, நாற்காலி அடுக்கியது, முடிந்ததும் கூட்டியது எல்லாம் நாங்களே. இதற்கு ஒரே கட்டம் போதும்.

மார்ச் 9, ஞாயிறு

படத்தை இருவரிடமும் காட்டினேன். தனக்கு இவ்வளவு தொப்பை இல்லை என்பது மட்டுமே அப்பாவின் ஆட்சேபம். அம்மாவுக்கோ கோபம்: "நைட்டியோட வரைஞ்சிருக்கியே, ஒறம்பரை பாத்தா என்ன கண்ணு நெனைப்பாங்க?" தோள்வலியை விட்டுவிட்டு நைட்டியைப் பிடித்துக்கொண்டாள். அழித்துச் சேலை வரைய நான் சம்மதிக்கவில்லை. விடியற்காலை நான்கு மணிக்குச் சேலை கட்டிக்கொண்டு மாவு ஆட்டுபவள் விளம்பரத்தில்தான் இருப்பாள்.

மதியம் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து அடுப்படிக்குள் போனார். சற்று நேரத்தில் நான்காவதும் அடித்தது.

"ஏம்மிணி, இதை எந்தப் பக்கம் திருப்போணும்?"

வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அம்மா சிரிப்பை அடக்க முடியாமல், "இதையும் வரை" என்றாள்.